அப்பாவும் பிள்ளையும் ஜெயித்த கார்டு

கேள்வி: நாங்கள் டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். பையனுக்கு 12 வயது. மூன்று வருடமாகப் போகிமான் கார்டு சேர்க்கிறான். இப்போது வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் மூலமாக ஒருவர் பழைய பரிசுக் கார்டு ஒன்றை விற்க வந்திருக்கிறார். 1998ல் பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடிய போட்டியில் கொடுத்த கங்காஸ்கான் கார்டாம். சின்ன வயதில் அப்பாவோடு ஆடி ஜெயித்தது என்கிறார். நிறுவனத்தில் கொடுத்துத் தரம் பார்த்து மதிப்பெண் வாங்கும் கிரேடிங் எதுவும் செய்யவில்லை. உறையில் வைத்து ஒரு போட்டோ மட்டும் அனுப்பினார். 6 லட்சம் யென் கேட்கிறார். இதே கார்டு அமெரிக்காவில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது, வாங்கி வைத்தால் பையன் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று வீட்டுக்காரர் துடிக்கிறார். புத்தாண்டுக்குக் கிடைத்த பணம் மொத்தத்தையும் தருகிறேன் என்று பையன் பின்னாலேயே சுற்றுகிறான். ஒரு அட்டைக்கு இவ்வளவா என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகி, டோக்கியோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டாம். நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதை உங்கள் பையனே பாதி செய்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. அப்படி ஒரு போட்டி நடந்தது, அப்படி ஒரு கார்டும் உண்டு. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் சேர்ந்து ஓர் அணி. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்களை ஜெயித்தவர்களுக்கு இந்தக் கங்காஸ்கான். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமந்து நிற்கிற போகிமானை அந்தப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கடையில் பாக்கெட் பிரித்தால் இது கிடைக்காது. கார்டுகளின் தரம் பார்த்து மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் 10க்கு 10 கொடுத்த பிரதி ஒன்று 2020ல் அமெரிக்க ஏலத்தில் 1,50,100 டாலருக்குப் போனது. அன்றைய மாற்று விலையில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்தான்.

அப்படியானால் 6 லட்சம் யென் லாபம்தானே என்று தோன்றும். எனக்கு நெருடுவதே அந்த விலைதான். 15 வருடமாக சிங்கப்பூரில் உட்கார்ந்து கார்டுகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது டோக்கியோ வருவேன். அகிஹபாராவில் எந்தக் கார்டுக் கடைக்குப் போனாலும், ‘இந்தக் கார்டை இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்று பெரிய தாளில் படத்தோடு ஒட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நின்று படித்துவிட்டுப் போவார்கள். 1998ல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. அவ்வளவு நாளும் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தவர், ரயில் ஏறி அந்தக் கடைக்குப் போகாமல் நண்பரின் நண்பரிடம் குறைந்த விலைக்கு விற்க வருவானேன்?

கெட்ட எண்ணம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். உண்மையிலேயே விலை தெரியாமல் இருக்கலாம், அவசரத் தேவையாக இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது வேறு, பின்னால் சொல்கிறேன்.

‘ஒரு அட்டைக்கு இவ்வளவா’ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அரிதாக இருப்பதால் விலை என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் சரி. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் பேஸ்பால் வீரர்களின் படக் கார்டுகளை வைத்து விற்றார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று சுமார் 60 பிரதிகள் இருப்பதாகக் கணக்கு. பத்துக்கு 2 மதிப்பெண் மட்டுமே வாங்கிய, மடங்கிக் கசங்கிய வாக்னர் கார்டு ஒன்று 2022ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே வரிசையில் ஜோ டாயில் என்பவரின் கார்டு உண்டு. அச்சுப் பிழையோடு வந்து திருத்தப்பட்ட அந்த வகையில் மிஞ்சியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாக்னரைவிட எத்தனையோ மடங்கு அரிது. ஆனாலும் டாயில் கார்டின் விலை வாக்னர் பக்கத்தில் வந்ததில்லை. வாக்னரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர் படத்தை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கே பல கதைகள் ஓடுகின்றன. டாயிலைத் தேடுகிறவர்கள் அந்த வரிசையை முழுசாகச் சேர்க்க நினைப்பவர்கள் மட்டும்தான். ஒரே பொருளின் மேல் இரண்டு பேர் கண் வைத்தால்தான் ஏலம் ஏறும்.

பரிசுக் கார்டில் கூடுதலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரதியும் ஒரு மனிதர் கையில் கொடுக்கப்பட்டது. பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்று ஒரு கார்டு, உங்கள் பையனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 1997, 98ல் ‘கொரோ கொரோ’ என்ற சிறுவர் காமிக்ஸ் இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கொடுத்தது. பிக்காச்சுவை முதலில் வடிவமைத்த அட்சுகோ நிஷிதாவே வரைந்த படம். மற்ற கார்டுகளில் ‘ட்ரெய்னர்’ என்று அச்சடிக்கிற இடத்தில் இதில் ‘இல்லஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கும், கீழ்மூலையில் ஒரு பேனா. உன் ஓவியம் சிறந்தது, இனி நீ அங்கீகாரம் பெற்ற ஓவியர் என்று கார்டே சான்று சொல்லும். பிள்ளைகளுக்குக் கொடுத்தது 39 என்று பதிவு. அதில் பிஎஸ்ஏயின் 10 மதிப்பெண் வாங்கியது ஒன்றே ஒன்று. 2021ல் லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூப் பிரபலம் அதை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். எப்படி வாங்கினார் தெரியுமா? தன்னிடம் இருந்த 9 மதிப்பெண் பிரதியை 12 லட்சத்து 75 ஆயிரம் டாலர் என்று கணக்கு வைத்துக் கொடுத்துவிட்டு, மேலே 40 லட்சம் டாலர் ரொக்கம் கொடுத்தார். 9க்கும் 10க்கும் நடுவே இருப்பது, வெறும் கண்ணுக்குப் பிடிபடாத ஒரு மூலைத் தேய்மானம். அதற்கு 40 லட்சம் டாலர்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 10 மதிப்பெண் கார்டு என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து, உறையில் இருக்கும் மதிப்பெண் இல்லாத கார்டுக்கு உங்கள் வீட்டில் கனவு காணக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே படம்தான், ஆனால் சந்தையில் வேறு வேறு பொருள்.

பரிசுக் கார்டு என்று எதைக் கொண்டுவந்தாலும், அது எந்த வழியாகக் கைக்கு வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். சில வருடம் முன்பு நகானோ பிராட்வே பக்கம் ஒரு காபிக் கடையில் ஒருவர் என்னைச் சந்தித்தார். கார்டை எடுப்பதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதற்குள் போட்டியன்று கொடுத்த தாள் நாலாக மடித்து இருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரு போட்டோ: அலுவலகத்திலிருந்து நேராக வந்ததுபோல் டை கட்டிய அப்பா, பக்கத்தில் கார்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்த பையன். போட்டோவின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. கார்டின் ஒரு ஓரத்தில் லேசாக வெளுத்திருந்தது. ‘உறை இல்லாமல் ஒரு வருடம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்’ என்றார். அந்த வெளுப்பால் மதிப்பெண் நிச்சயம் குறையும். ஆனால் டப்பாவில் இருந்த தாளும் போட்டோவும் சேர்ந்தபோது, எனக்கு அந்தக் கார்டின் மேல் எந்தச் சந்தேகமும் எழவில்லை. தாள்களையும் கார்டோடு சேர்த்தே விற்கச் சொன்னேன். தாளைத் தருகிறேன், போட்டோவைத் தரமாட்டேன் என்றார். சரி, நகல் கொடுங்கள் போதும் என்றேன்.

உங்களிடம் விற்க வந்தவரும் அப்பாவோடு ஆடியதாகச் சொல்கிறார். அப்படியானால் அவரிடம் கதை கேளுங்கள். விசாரணை மாதிரி வேண்டாம், டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசுவது போல: எந்த ஊரில் நடந்தது, அப்பாவுக்கு ஆடத் தெரியுமா, எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள், வேறு என்ன கொடுத்தார்கள். உண்மையாக ஜெயித்தவர் வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டார். தாள், போட்டோ, அந்த நாள் டைரி, ஏதாவது ஒன்று எங்காவது கிடைக்கும். எதுவுமே இல்லை, கேட்டால் கோபம் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பையனின் வேலை. 1998ல் வந்த சாதாரண ஜப்பானியப் போகிமான் கார்டு நாலைந்தை வாங்கித் தாருங்கள். ஆள் தேடாத கார்டுகள் சில நூறு யென்னுக்குள் கிடைக்கும். ஜப்பானில் சேகரிப்பவர்கள் ‘கியூ-உரா’ என்பார்கள், பழைய முதுகு என்று அர்த்தம். ஆரம்பத்தில் கார்டின் பின்பக்கத்தில் ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்று இருந்தது. 2001 வாக்கில் பின்பக்கத்தையே மாற்றிவிட்டார்கள். 1998 போட்டியில் கொடுத்த கார்டு பழைய முதுகோடுதான் இருக்க வேண்டும். சாதாரணக் கார்டையும் விற்பவரின் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பின்பக்க நிறம், மூலையின் வளைவு, தடிமன். போலி செய்கிறவர்கள் முன்பக்கப் படத்துக்கு உழைப்பார்கள், முதுகில் கோட்டை விடுவார்கள்.

அப்புறம் ஒரு லென்ஸ். முப்பது மடங்கு பெரிதாக்குகிற, நகை பார்க்கும் லென்ஸ் போதும். அச்சகத்தில் அடித்த கார்டில் படம் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாக, பூ இதழ் அடுக்கியதுபோல் ஒழுங்காகத் தெரியும். எழுத்தும் கறுப்புக் கோடுகளும் அதன் மேல் தனி மையால் அடித்தவை. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளியாக உடைந்து கிடக்கும், ஓரத்தில் மிளகாய் விதை சிதறியது மாதிரி. முதல் முறை பார்க்கும்போதே வித்தியாசம் பிடிபட்டுவிடும். என்னிடம் வருகிற போலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன. கார்டை வளைத்துப் பார்ப்பது, தண்ணீர் தொட்டுப் பார்ப்பது, துடைத்துச் சுத்தம் செய்வது எதுவும் கூடாது. நிஜக் கார்டாக இருந்துவிட்டால் அந்த ஒரு துடைப்பிலேயே பல ஆயிரம் போய்விடும்.

இதையெல்லாம் தாண்டுகிற போலியும் உண்டு. போகிமான் கார்டு வெளிவருவதற்கு முன்பு சோதனைக்காகச் செய்தவை என்று சில கார்டுகள் சந்தைக்கு வந்தன. தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று உண்மை என்று சான்றும் கொடுத்து, பெரிய விலைக்குக் கைமாறின. 2025 ஆரம்பத்தில் சேகரிப்பாளர்கள் சிலர் அவற்றை மிக நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். கலர் பிரிண்டர்கள் பலவும் தாளின்மேல் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் தூவும். எந்த இயந்திரம், எந்தத் தேதி என்பது அந்தப் புள்ளிகளில் ஒளிந்திருக்கும். 1996 என்று விற்ற கார்டுகள் சிலவற்றில் புள்ளிகள் சொன்ன வருடம் 2024. தரம் பார்ப்பவர்களும் ஏமாறலாம் என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது. லோகன் பாலே 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய கார்டுப் பெட்டியை 2022 ஜனவரியில் திறந்தால் உள்ளே போகிமானுக்குப் பதில் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மை வரிசையின் கார்டுகள் இருந்தன. அந்தப் பெட்டிக்கும் சான்று இருந்தது.

அதனால் சான்று வீண் என்று ஆகிவிடாது. 6 லட்சம் யென் பேச்சு என்றால் கிரேடிங் இல்லாமல் வாங்கவே கூடாது. அதை அவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானிலேயே கொடுக்கும் வசதி இருக்கிறது. கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும், அதை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். அவ்வளவு பணம் போடத் தயாராக இருப்பவருக்கு அது பெரிய செலவில்லை. உண்மையான கார்டு வைத்திருப்பவர் இதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. போலி என்று திரும்பி வந்தால் கட்டணத்தோடு போயிற்று.

கண்ணாடி போன்ற பெட்டியில் மதிப்பெண்ணோடு திரும்பி வந்த பிறகும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பெட்டியையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு ஒருவர் கார்டின் நிஜ எண்ணை லேபிளில் அடித்துவிடுவார்கள். நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, அங்கே படம் இருந்தால் கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் கார்டில் இதற்கு நல்ல வழி உண்டு. மின்னும் தாளில் இருக்கிற வட்டங்களும் சுழிகளும் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு இடத்தில் விழும். கங்காஸ்கானின் காதுப் பக்கம் ஒரு பெரிய வட்டம் இருந்தால், தளத்தில் இருக்கும் படத்திலும் அது அங்கேயே இருக்க வேண்டும். கைரேகை மாதிரி.

இப்போது, கார்டு நிஜம் என்றே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 6 லட்சம் யென் என்பது அவருக்கு அநியாயமான விலை. தெரியாமல் விற்கிறவரிடம் தெரிந்துகொண்டு வாங்குவது, அதுவும் உங்கள் வீட்டுக்காரர் தினமும் முகம் பார்க்கிற நண்பர் மூலமாக வந்தவரிடம், என்றைக்கும் உறுத்தும். பழைய ஏலங்களில் இதே மதிப்பெண்ணுக்குப் போன விலைகளை எடுத்து அவர் முன்னால் வைத்துவிடுங்கள். அவர் விலையை ஏற்றலாம், உங்களுக்கு எட்டாமலே போகலாம். போகட்டும். இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல வியாபாரங்கள் பலவும், விற்க வந்தவரிடம் ‘உங்கள் கார்டு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பெறும்’ என்று சொன்னதால் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தவர்களால் கிடைத்தவை.

காலேஜ் செலவுக்கு இதை நம்பலாமா என்றால், கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். 2020ல் கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது கார்டு விலை தறிகெட்டு ஏறியது. வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ 2021 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தது. ஜப்பானில் 2023 முதல் பாதியில் புதுக் கார்டுகள் உச்சிக்குப் போய், சில மாதங்களில் மளமளவென்று இறங்கின. பழைய பரிசுக் கார்டுகள் அந்த அளவுக்கு ஆடாது, உண்மைதான். ஆனால் அவற்றை வாங்கக்கூடியவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அவர்களில் இரண்டு பேருக்காவது ஆசையும் காசும் சேர்ந்து இருக்க வேண்டும். ஏலக் கம்பெனி கமிஷன் போக, பணம் கைக்கு வரவும் நாளாகும். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணமாக இருந்தால் வாங்குங்கள். படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். பையனின் புத்தாண்டுப் பணத்தையும்தான். அந்த வயதில் கையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே பொருளில் போட்டு ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மறுபடி கார்டைத் தொடவே மனசு வராமல் போய்விடுகிறது.

பையனுக்கு ஒரு செய்தி. ஜப்பான் முழுக்கக் கார்டுக் கடைகளில் ‘ஜிம் பேட்டில்’ என்று சின்னப் போட்டிகள் நடக்கின்றன. நீங்கள் இருக்கிற பக்கத்திலும் கட்டாயம் இருக்கும். கலந்துகொள்கிறவர்களுக்குக் கடையில் விற்காத சிறப்புக் கார்டுப் பாக்கெட் கொடுப்பார்கள். அவற்றின் விலை பெரும்பாலும் ஒரு ராமென் சாப்பிடக்கூடக் காணாது. ஆனாலும் போகச் சொல்லுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. இவ்வளவு துடிக்கிற மனிதருக்கு ஆட்டம் ஆடத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் பையன் சொல்லிக் கொடுக்கட்டும். அன்றைக்குக் கிடைத்த கார்டோடு தேதியும் கடைப் பெயரும் எழுதிய துண்டுத் தாளையும், இரண்டு பேரும் நிற்கிற போட்டோவையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

விற்பவர் சம்மதித்தால் எனக்கு நாலு போட்டோ அனுப்புங்கள். உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்: முன்பக்கம், பின்பக்கம், பளபளப்பு தெரியும்படி சற்றுச் சாய்த்து ஒன்று, கீழே இருக்கிற சின்ன எழுத்துகளை லென்ஸ் வழியாக ஒன்று. கார்டை எடுத்து வைப்பது அவர் கையாலேயே இருக்கட்டும், நீங்கள் யாரும் தொட வேண்டாம். பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் எழுதுகிறேன்.